வீட்டுக் கடனும் வழிச் செலவும்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் சென்றால் திருப்பாச்சூர் என்னும் பழம்பதி எதிர்ப்படும். ‘பாசு’ என்பது மூங்கிலைக் குறிக்கும் சொல். மூங்கில் அடர்ந்திருந்த இடமாதலின் ஊர் இப்பெயர் பெற்றது என்பர். மூங்கிலை வெட்டியபோது வாச்சி என்னும் கருவி பட்ட இடத்தே இறைவன் வெளிப்பட்டான் என்பதும், அதனால் வாசீசுவரர் எனப் பெயர் பெற்றான் என்பதும் இத்தலத்து வரலாறு. அப்பரும் சம்பந்தரும் பாடிய ஊர் இது. இன்று மூங்கிற்காடு இல்லை. வயல்களுக்கிடையே மனைப்பிரிவுகள் தோன்றியுள்ளன. எல்லைக்கற்கள் நடப்பட்ட மனைகளில் சிறிய காரைவீடுகள் எழுந்துள்ளன. இத்தகைய வீடுகளில் வாழ்வோருட் பலர் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும், அம்பத்தூரிலும், கும்மிடிப்பூண்டியிலும், திருப்பெரும்புதூரிலும் வேலை பார்க்கின்றவர்கள். வைகறையில் தூக்குவாளியுடன் புறப்பட்டு, விளக்கு வைத்த பின்னர் வீடு திரும்புகின்றவர்கள். வீடு சொந்தமானது, ஆயினும் அதன் பத்திரம் வீட்டில் இல்லை. அது வங்கியின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றது.

மாணவர்களே! உங்களுட் பலருடைய வீடும் அவ்வாறே வாங்கப்பட்டதாக இருக்கலாம். ‘இந்த மாதம் தவணை கட்ட வேண்டும்’ என்று பெற்றோர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அத்தவணை யாது, அதனை அடைக்கும் குடும்பம் வழிச்செலவிலும் வீட்டுச்செலவிலும் கைக்கொள்ளும் சிக்கனம் எத்துணைப் பயன் தருவது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். பொருளையோ நிலத்தையோ ஈடாக வைத்துக் கடன் பெறுவதை அடைமானம் என்கிறோம். ஈடு வைத்த நிலத்தையோ வீட்டையோ கடன் கொடுத்தவனே வைத்துக்கொண்டு, வட்டிக்கு மாறாக அதன் பயனைத் துய்ப்பது ஒற்றி எனப்படும். பேச்சு வழக்கில் அது ‘ஒத்தி’ ஆயிற்று; ‘ஒத்திக்கு வீடு’ என்னும் வழக்கு இன்றும் உண்டு. கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள திருவொற்றியூருக்குப் பெயர்க்காரணம் கூறுவோர், பெருகி வந்த வெள்ளம் ஒற்றப்பட்ட ஊர் என்பர். எனினும் ஒற்றி என்பதற்கு அடைமானம் என்னும் பொருளும் இருத்தலின், அடியார்கள் அச்சொல்லை வைத்து நயம்படப் பாடியதுண்டு. ஆங்கிலத்தில் அடைமானத்திற்கு வழங்கும் ‘மார்ட்கேஜ்’ என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதன் நேர்பொருள் ‘செத்த ஈடு’ என்பதாகும். நம் முன்னோர் இட்ட பெயரே அச்சம் குறைந்தது என்பது என் கருத்து.

இக்காலத்து வங்கிகள் ஒற்றி முறையைக் கொள்வதில்லை. வீட்டில் நாம் குடியிருப்போம். மூலப்பத்திரங்களை மட்டும் வங்கியில் ஒப்படைப்போம். உரிமைப்பத்திரங்களை ஒப்படைத்து ஈடு வைக்கும் இம்முறை 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் இடம் பெற்றுள்ளது. பலர் கூடிப் பணம் திரட்டி வீடு கட்டிக்கொள்ளும் வழக்கமோ அதனினும் பழையது. இங்கிலாந்து நாட்டுப் பர்மிங்காம் நகரில் 1775ஆம் ஆண்டில், ஒரு விடுதியில் கூடிய சிலர் மாதந்தோறும் ஒரு தொகை செலுத்தி, சேர்ந்த பணத்தில் ஒருவர் பின் ஒருவராக வீடு அமைத்துக்கொள்ளும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். நம் ஊர்ச் சீட்டு முறையை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இனிக் கணக்கிற்கு வருவோம். கணக்கு என்றதும் முகம் சுளிக்க வேண்டா. இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே.

திருப்பாச்சூரில் வீடு வாங்கிய தொழிலாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் 10,00,000 ரூபாய் கடன் பெறுகின்றார். வட்டி ஆண்டிற்கு 9 விழுக்காடு. தவணைக் காலம் 20 ஆண்டு. மாதத்தவணை 8,997 ரூபாய் ஆகும். முதல் மாதத்தில் அவர் 8,997 ரூபாய் கட்டுகின்றார். அதில் அசல் எவ்வளவு குறையும்? பாதியேனும் குறையும் என்று நினைப்பது இயல்பு. 10,00,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி மட்டுமே 7,500 ரூபாய். எஞ்சிய 1,497 ரூபாயே அசலில் கழிகின்றது. அடுத்த மாதம் அசல் சிறிது குறைந்திருத்தலின் வட்டியும் சிறிது குறையும். அசலிற் கழிவது சிறிது கூடும். இவ்வாறு நத்தை ஊர்வது போல் ஊர்ந்து 240 மாதங்களில் கடன் தீரும். அதற்குள் அவர் செலுத்திய தொகை ஏறத்தாழ 21,59,000 ரூபாய். வாங்கிய கடனினும் வட்டி மிகுதியாயிற்று!

இதனைக் கண்டு வங்கியைப் பழிப்பதில் பொருளில்லை. பிறர் பணத்தை நெடுங்காலம் வைத்திருப்பதற்குக் கொடுக்கும் கூலியே வட்டி. காலம் குறைந்தால் கூலியும் குறையும். ஆதலின் இக்கணக்கை வெல்லும் வழி ஒன்றே. அசலை முன்னதாகக் குறைக்க வேண்டும்.

அத்தொழிலாளர் மாதந்தோறும் தவணையோடு 1,000 ரூபாய் மிகுதியாகச் செலுத்துகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆயிரம் முழுவதும் அசலிற் கழியும். அவ்வாறு செய்யின் 240 மாதத்தில் தீர வேண்டிய கடன் ஏறத்தாழ 186 மாதத்தில் தீர்ந்துவிடும். நாலரை ஆண்டு மிச்சம். பணத்தில் மூன்று லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். மற்றொன்றும் நோக்குக. கடன் பெற்ற உடனே 10,000 ரூபாய் மிகுதியாகக் கட்டினால் இறுதியில் ஆறரைத் தவணை குறையும். அஃதாவது ஏறத்தாழ 58,800 ரூபாய். அதே 10,000 ரூபாயைப் பதினைந்து ஆண்டு கழித்துக் கட்டினால் குறைவது ஏறத்தாழ 15,600 ரூபாயே. விதைப்பதற்குப் பருவம் உண்டு என்று உழவர் கூறுவது கடன் அடைப்பதற்கும் பொருந்தும்.

முன்னாளில் கடனை முன்னரே அடைப்போரிடம் அதற்கென ஒரு தண்டத்தொகை வாங்கும் வழக்கம் வங்கிகளிடையே இருந்தது. மாறும் வட்டி கொண்ட வீட்டுக்கடன்களில் தனியாட்களிடம் அதனை வாங்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2012ஆம் ஆண்டில் ஆணையிட்டது. ஆதலின் ஏழைத் தொழிலாளர் சேர்த்த ஆயிரமும் குறைவின்றி அசலுக்குச் சென்று சேர வழி ஏற்பட்டது.

ஆயின் அந்த ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வரும்? சம்பளம் உயரும்வரை காத்திருத்தல் ஒரு வழி. செலவினின்று எடுத்தல் மற்றொரு வழி. செலவுகளுள், நாள்தோறும் நிகழ்வதால் கண்ணுக்குப் புலப்படாமல் பெருகுவது வழிச்செலவு.

நம் தொழிலாளர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர் என்க. மோட்டார் சைக்கிளில் சென்றால் ஒருவழிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சென்று வர 64 கிலோமீட்டர் என்று கொள்வோம். மாதத்தில் 25 நாளைக்கு 1,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியாயின் 32 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 3,200 ரூபாய். சக்கர உறை தேய்தல், எண்ணெய் மாற்றுதல், பழுது நீக்கல் ஆகியவற்றிற்கு மாதம் 500 ரூபாயேனும் ஒதுக்க வேண்டும். பெட்ரோலுக்குக் கொடுத்ததை மட்டும் எண்ணி, பழுதுச் செலவை மறந்துவிடுவது பெரும்பாலோர் வழக்கம். மொத்தம் 3,700 ரூபாய்.

இனி இரயிலைப் பார்ப்போம். தென்னிந்தியாவின் முதற் பயணியர் வண்டி 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல்நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியது. அவ்வழி திருவள்ளூரைத் தொட்டே சென்றது. சென்னைக்கும் திருவள்ளூருக்கும் இடையே 1979ஆம் ஆண்டில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம் எனத் தொழிலாளர் இறங்கும் நிலையங்கள் யாவும் இப்பாதையிலேயே உள்ளன. ‘சீசன் டிக்கெட்’ என்று யாவரும் வழங்கும் பருவச்சீட்டை இங்கு அறிந்துகொள்ள வேண்டும். புறநகர் வண்டிகளுக்கான மாதச்சீட்டின் விலை ஏறத்தாழ 15 ஒருவழிப் பயணங்களின் கட்டணத்தை அளவாகக் கொண்டது. மாதம் 25 நாள் சென்று வருபவர் 50 முறை பயணம் செய்கின்றார். பதினைந்து கொடுத்து ஐம்பது பெறுகின்றார்! 2014ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இவ்வளவை 30 பயணக் கட்டணமாக உயர்த்தப்போவதாக அறிவிப்பு வந்தது. மக்கள் கலங்கினர், சில நாட்களிலேயே அவ்வறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. மூன்று மாதச்சீட்டை ஒருங்கே வாங்கினால் மூன்று பங்கு கொடுக்க வேண்டுவதில்லை, 2.7 பங்கு கொடுத்தாற் போதும். திருவள்ளூரிலிருந்து அம்பத்தூருக்கு இரண்டாம் வகுப்பு மாதச்சீட்டு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

திருப்பாச்சூரிலிருந்து நிலையம் செல்ல நகரப் பேருந்து உண்டு. சிலர் மிதிவண்டியில் செல்வர். பள்ளியில் மேல்வகுப்பு மாணவர்க்கு அரசு வழங்கிய மிதிவண்டி, மகன் கல்லூரிக்குச் சென்றபின் தந்தையை நிலையத்திற்குச் சுமந்து செல்வதை இப்பக்கத்து ஊர்களிற் காணலாம். மகளிர் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்ல 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு வழிசெய்தது. அம்பத்தூரில் ஆயத்த ஆடை தைக்கும் பெண்ணுக்கு அவ்வுதவி சிறிதன்று.

இவ்வளவும் சொல்லி, ‘ஆகவே மோட்டார் சைக்கிளை விற்றுவிடுக’ என்று கூறுவேனாயின் அது அறியாமையாகும். தொழிற்சாலைகளில் முறைவேலை உண்டு. இரவு முறை முடிந்து வெளியே வருபவர்க்கு உடனே வண்டி கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. திருவள்ளூரில் இறங்கினாலும் ஊருக்குப் பேருந்து இராது. உறக்கத்தை விற்றுச் சேர்க்கும் பணம் மருத்துவரிடமே போய்ச் சேரும். கும்மிடிப்பூண்டியில் வேலை பார்ப்பவர் நிலையோ இன்னும் கடினமானது. ஒரே மாவட்டத்தில் இருப்பினும் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேர் இரயில் இல்லை. கிழக்கே பேசின் பாலம் வரை சென்று, வண்டி மாறி, கொருக்குப்பேட்டை, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாக வடக்கே செல்ல வேண்டும். முக்கோணத்தின் இரு பக்கங்களைச் சுற்றி வருவது போன்றது அது. தொழிற்சாலைப் பேருந்து ஓடுமாயின் அவர்க்கு அதுவே நலம். இல்லையெனின் சாலைவழியே செல்வது தவிர வேறு வழியில்லை. சிக்கனம் எல்லார்க்கும் ஒரே அளவில் தைத்த சட்டை அன்று.

ஆதலின் நம் தொழிலாளர் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் இரயிலிலும், இரவு முறை வரும் ஒரு வாரம் தம் வண்டியிலும் செல்கின்றார் என்று கொள்வோம். பெட்ரோலும் தேய்மானமும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து 1,200 ரூபாய் அளவில் நிற்கும். பருவச்சீட்டு, பேருந்து, நிலையத்தில் வண்டி நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்ந்து 700 ரூபாய் ஆகலாம். மாதம் 1,800 ரூபாய் மிஞ்சுகின்றது. அதில் 800 ரூபாயை மக்கள் படிப்பிற்கு வைத்துக்கொண்டாலும் 1,000 ரூபாய் கடனுக்குச் செல்லும். நாலரை ஆண்டைக் குறைக்கும் ஆயிரம் இதுவே.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரமேனும் வழியிற் கூடுதலாகக் கழியும். அந்நேரத்தை மக்கள் எவ்வாறு பயன் கொள்கின்றனர் என்பதை மாலை வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டும். மகளிர் பெட்டியில் ஒருவர் கீரை ஆய்வார், மற்றொருவர் அவரைக்காயை நறுக்கிப் பையில் இட்டுக்கொள்வார், பூத்தொடுப்போரும் உண்டு. வீடு சேர்ந்தவுடன் உலை ஏற்றினாற் போதும். ஒருவர் வாங்கிய செய்தித்தாள் ஆறு பேர் கைக்கு மாறி, அம்பத்தூருக்கும் திருநின்றவூருக்கும் இடையே முழுவதும் படிக்கப்பட்டுவிடும். ஓய்வு பெற்ற பின்னும் அவ்வண்டியில் நான் செல்வதுண்டு. அங்குக் கேட்ட உலகியல் பேச்சு நூல்களிற் கிடைப்பது அரிது.

வீட்டுச் செலவிலும் இத்தகைய சிறு துளைகள் உள. நிலையத்து வாயிலில் காலையும் மாலையும் தேநீரும் வடையும் உண்பவர், நாளொன்றுக்கு 40 ரூபாய் கொடுப்பாராயின் மாதத்தில் 1,000 ரூபாய் கொடுத்தவராவார். வீட்டிற் சமைத்த புளிச்சோற்றைத் தூக்குவாளியில் கொண்டு செல்வது பழைய வழக்கம். அதனை நாணத்தக்கதாக எண்ணுவது புதிய வழக்கம். பழையதே மேல். மின்கட்டணத்தில், பயன்படுத்தும் அளவு ஏற ஏற அலகு ஒன்றின் விலையும் ஏறுமாதலின், ஆளில்லா அறையிற் சுழலும் விசிறி நாம் கருதுவதினும் மிகுதியான பணத்தை வாங்கிவிடும். பண்டிகைக்கு முன்னர் ஆறு மாதம் சிறிது சிறிதாகச் சேர்த்துத் துணி எடுப்போர்க்கும், கடன் அட்டையில் எடுத்துப் பின்னர் வட்டி கட்டுவோர்க்கும் துணி ஒன்றே, விலை வேறு. ஒன்பது விழுக்காட்டு வீட்டுக்கடனை விரைந்து அடைக்க முயல்பவர், அதனினும் பன்மடங்கு வட்டியுள்ள கடன் அட்டையை வைத்திருத்தல் கரையைக் கட்டிக்கொண்டே மதகைத் திறந்துவிடுவது போலாகும்.

சிக்கனம் வேறு, இவறன்மை வேறு. செலவிடத் தக்க இடத்திற் செலவிடாமையே இவறன்மை. பருப்பையும் பாலையும் குறைத்து மிச்சம் பிடிப்பது, காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து வாங்கத் தயங்குவது, மகள் கேட்ட பாடப்புத்தகத்தை மறுப்பது ஆகியவற்றைச் சிக்கனம் என்று அழைக்க என் நா எழாது. வரவறிந்து செலவிடும் கருத்தைத் திருவள்ளுவர் பொருள் ஈட்டும் அதிகாரத்தில் வையாமல், வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். அரசன் தன் படைவலியை அறிவது போல் இல்லறத்தான் தன் பொருள்வலியை அறிதல் வேண்டும் என்பது இதனாற் கொள்ளக் கிடக்கின்றது.

இவ்வலியை அறியாதார்க்கு நேரும் துன்பம் பெரிது. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நிற்குமாயின் வங்கி அதனை வாராக்கடனாகக் கொள்ளும். 2002ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற ‘சர்பாசி’ என்னும் சட்டத்தின்படி, 60 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்பி, அதன் பின்னும் பணம் வாராவிடின் வழக்குத் தொடுக்காமலே வீட்டைக் கைக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. தொழிற்சாலை மூடப்படுதலும், ஒப்பந்தத் தொழிலாளரை நிறுத்திவிடுதலும் தொழிற்பகுதிகளில் புதியன அல்ல. ஆதலின் மிச்சம் பிடித்த முதற்பணத்தை வங்கியில் அசலாகக் கட்டிவிடுதல் அறிவுடைமை ஆகாது. ஐந்தாறு மாதத் தவணைக்கும் சோற்றுக்கும் போதுமான தொகையை எளிதில் எடுக்கத்தக்க சேமிப்பில் முதலில் வைத்துவிட வேண்டும். அது நிறைந்த பிறகே மிகுதி கடனுக்குச் செல்ல வேண்டும். இவ்வரிசை மாறினால் அசல் குறைந்திருந்தும் வீடு கைவிட்டுப் போதல் கூடும்.

வட்டி மாறுதலும் ஓர் இடையூறு. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. அதனோடு இணைக்கப்பட்ட வீட்டுக்கடன்களின் வட்டியும் ஏறியது. சற்று முன்னரே 7 விழுக்காட்டில் 20 ஆண்டிற்கு 10,00,000 ரூபாய் பெற்றவரின் தவணை 7,753 ரூபாய். வட்டி 9.5 விழுக்காடு ஆனதும் ஒரு மாத வட்டி மட்டுமே ஏறத்தாழ 7,900 ரூபாயை நெருங்கிவிட்டது. பழைய தவணையையே கட்டிவந்தால் அசல் குறையாது என்பதோடு வளரவும் செய்யும்! இத்தகைய நிலையில் தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, மாறா வட்டிக்குச் செல்வதா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைக் கடன் பெற்றவர்க்குத் தருமாறு 2023 ஆகஸ்டு மாதத்தில் ரிசர்வ் வங்கி பணித்தது. வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரியாமலே அலமாரியில் செருகிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் அவ்வாறு ஒன்று இருப்பின், மாணவர்களே, அதனைப் பிரித்துத் தந்தைக்கும் தாய்க்கும் படித்துக் காட்டுங்கள். அசல் எவ்வளவு எஞ்சியுள்ளது, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம் என்னும் மூன்றையும் குறித்துவையுங்கள். நீங்கள் கற்கும் கணக்கு இதற்கு முற்றிலும் போதும்.

கடன் தீர்ந்த நாளிற் செய்ய வேண்டியதும் உண்டு. கடன் முழுதும் அடைக்கப்பட்ட 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தன் தவற்றால் காலம் தாழ்த்தினால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் வங்கி ஈடு செய்ய வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து இவ்விதி நடைமுறைக்கு வந்தது. பத்திரங்களை வாங்கும்போது, கடன் பெற்ற நாளில் கொடுத்த பட்டியலை உடன் கொண்டு சென்று, ஒவ்வொரு தாளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். கடன் தீர்ந்தமைக்குச் சான்றும் பெற வேண்டும். ஒப்படைப்பு ஆவணம் பதிவு செய்யப்பட்டிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்குரிய இரசீது ஆவணத்தையும் பதிவு செய்து, சில நாள் கழித்து வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, வங்கியின் பெயரில் இருந்த பற்று நீங்கியிருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.